வாசலில் நின்ற கிதார்

இசையைப் பற்றிப் பேசப் புகுவோன் இரு தரப்பாரின் கோபத்துக்கும் ஆளாவான். கூடாது என்போர் ஒருபுறம். கூடும் என்போர் மறுபுறம். மார்க்கத் தீர்ப்பு வழங்குவது ஆலிம்களின் பணி. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்த என் போன்றோரின் பணியன்று. எனினும், கேளாமலே தீர்ப்புக் கூறிய ஒரு தந்தையின் கதையை எழுத எனக்குத் தகுதி உண்டு. அத்தந்தை நானே.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தை ஒட்டி இருக்கிறது எங்கள் கண்ணமங்கலம். சிற்றூர்தான், ஆயினும் இசைக்குக் குறைவில்லை. என் இளமையில் மீலாது விழா என்றால் ஒலிபெருக்கியில் நாகூர் ஹனீபாவின் குரல் முழங்கும். அந்தக் குரலுக்கு மலையும் செவிசாய்க்கும் என்று என் அத்தா சொல்வதுண்டு. 1925இல் பிறந்து 2015இல் மறைந்த அப்பெருமகனாரின் பாடல்கள் எங்கள் வீட்டில் இசை என்றே எண்ணப்படவில்லை. அவை தீனைச் சேர்ந்தவை, அவ்வளவே.

2004ஆம் ஆண்டு, வேலூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என் மகன் விடுமுறைக்கு வந்தான். மஃரிபு தொழுதுவிட்டு நான் திரும்பியபோது, திண்ணையருகே கறுப்பு உறையிட்ட ஒரு கிதாரோடு நின்றிருந்தான்.

"யாருடையது?" என்றேன்.

"சிநேகிதனுடையது அத்தா. நாங்க அஞ்சு பேர் சேர்ந்து குழு அமைச்சிருக்கோம். நான் வாசிக்கப் பழகுறேன்."

"என்ன பாட்டு?"

"ராக்."

அச்சொல்லின் பொருளை நான் சரியாக அறியேன். நீண்ட தலைமுடி, போதை, கூச்சல் ஆகிய மூன்றுமே அதைக் கேட்டவுடன் என் மனத்தில் தோன்றின. "இது இந்த வாசலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது" என்றேன்.

அவன் பணிவாகவே கேட்டான்: "ஹனீபா பாட்டிலும் வாத்தியம் இருக்கே அத்தா? சிலதுக்கு இந்திப் படத்து மெட்டுகூட இருக்கு. அது கூடும்னா இது ஏன் கூடாது?"

நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு மாணவன் இப்படிக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பேன். ஆனால் கேட்டவன் என் மகன். விடையோ என்னிடம் இல்லை. விடை இல்லாதவன் குரலை உயர்த்துவான். நானும் உயர்த்தினேன். அன்றிரவே கடைசிப் பேருந்தில் வேலூருக்குச் சென்று, உரியவனிடம் கிதாரைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் வந்து சேர்ந்தான். அதன் பிறகு இசையைப் பற்றி அவன் என்னிடம் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை என்பதை உணர எனக்குச் சில ஆண்டுகள் ஆயின.

அவன் மறந்து விட்டுச்சென்ற குறுந்தகடு ஒன்று வீட்டில் கிடந்தது. சிவந்த தாடிக்காரர் ஒருவர் மேசையில் தேநீர் அருந்த, பக்கத்தில் சிறுவர் இருவர் விளையாடும் ஓவியம் அதன் அட்டையில் இருந்தது. பெயர் 'டீ பார் த டில்லர்மேன்'. பாடியவர் கேட் ஸ்டீவன்ஸ். அதைப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். கேட்கவில்லை.

2006ஆம் ஆண்டின் இறுதியில் நாளிதழ் ஒன்றில் ஒரு செய்தி படித்தேன். யூசுப் இஸ்லாம் என்ற பெரியவர் இருபத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் 'அன் அதர் கப்' என்ற பாடல் தொகுப்பை வெளியிட்டிருக்கிறாராம். அவருடைய பழைய பெயர் கேட் ஸ்டீவன்ஸ்! எழுந்துபோய்ப் புத்தகங்களை விலக்கி அந்தத் தகட்டை எடுத்தேன்.

பிறகு அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். 1948இல் லண்டனில் பிறந்தவர். தந்தை சைப்ரஸ் கிரேக்கர், தாய் சுவீடன் நாட்டவர். இளம் வயதிலேயே புகழ் பெற்று, 1969இல் காசநோயால் மருத்துவமனையில் கிடந்தவர். மறு ஆண்டு வெளியானதே என் கையில் இருந்த தொகுப்பு. அட்டை ஓவியமும் அவர் வரைந்ததே. பின்னர் அமெரிக்கக் கடலில் மூழ்கப்போகும் தறுவாயில் இறைவனை அழைத்துப் பிழைத்தார். அவருடைய அண்ணன் அன்பளிப்பாகக் கொடுத்த திருக்குர்ஆன் அவரை ஆட்கொண்டது. 1977இல் இஸ்லாத்தைத் தழுவினார். 1978ஆம் ஆண்டுத் தொகுப்போடு அந்தப் புகழ் வாழ்வை நிறுத்திக்கொண்டு, கிதார்களை அறப்பணிக்காக ஏலம் விட்டார். 1983இல் லண்டனில் இஸ்லாமியப் பள்ளி ஒன்றை நிறுவினார். 1995இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை உரையாகச் சொல்லி ஒலிப்பதிவு வெளியிட்டார். நம் பிள்ளைகள் மதரசாவில் ஓதும் 'தலஅல் பத்ரு' அதில் அவர் குரலில் இருக்கிறது. அவரை மீண்டும் கிதாரிடம் அழைத்து வந்தது யார் தெரியுமா? அவருடைய மகன். மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிதாரைத் தந்தை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார்.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இரு வீடுகளிலும் மகன்தான் கிதாரைக் கொண்டு வந்தான்.

இனி, இரு தரப்பாருக்கும் பிடிக்காத என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ராக் இசை அன்பர்கள், நல்ல கலைஞன் ஒருவனின் இருபத்தெட்டு ஆண்டுகள் வீணாயின என்று புலம்புகின்றனர். நம்மவரில் சிலரோ, அவர் மறுபடி கிதார் ஏந்தியது சறுக்கல் என்கின்றனர். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஐயம் எழுந்தபோது அவர் நிறுத்தினார். ஐயம் தெளிந்தபோது தொடங்கினார். இரண்டு முறையும் முடிவு அவருடையது. மௌனமும் நேர்மையானது; பாட்டும் நேர்மையானது. வாத்தியப் பகட்டு இல்லாத அந்த 'தலஅல் பத்ரு'வை, மெருகேற்றிய 2006ஆம் ஆண்டுத் தொகுப்பைவிட உயர்ந்ததாகவே நான் கருதுகிறேன். ஆனால் அவரே தேர்ந்த மௌனம் அது. என் வீட்டு மௌனமோ நான் சுமத்தியது.

நம் முன்னோரும் இதில் ஒரே குரலில் பேசியவர்கள் அல்லர். 1064இல் மறைந்த இப்னு ஹஸ்ம் இசைக் கருவிகளை அனுமதித்தார். பின்வந்த இப்னு தைமிய்யா வன்மையாக மறுத்தார். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் 'இஹ்யா'வில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கி ஆராய்ந்தார். நரம்புக் கருவிகளை அவர் விலக்கியது, அவை மதுக் கூட்டத்தாரின் அடையாளமாக இருந்த காரணத்தால். எந்த முடிவுக்கு வந்தாலும் அவர்கள் காரணம் கூறினார்கள். நான் கூறியது ஒரு காரணமும் இல்லை.

இன்னொன்றையும் பின்னர் அறிந்தேன். 'ரோஜா' படத்துக்கு முன்பு, சென்னையில் இளைஞர்களின் ராக் குழுவில் வாசித்த ஏ. ஆர். ரகுமான், 1989இல் 'தீன் இசை மாலை' என்ற நம்முடைய பாடல் தொகுப்புக்கு இசையமைத்திருக்கிறார். ராக் மேடையில் இருந்த கைகள் தீன் பாட்டுக்கும் இசை அமைத்தன. நான் நினைத்த அளவுக்கு அந்த வாசல் உயரமானதன்று.

2020ஆம் ஆண்டு நோய்த்தொற்றுக் காலத்தில், பெங்களூரில் பணிபுரியும் என் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்தான். அந்தச் செப்டம்பரில் யூசுப் இஸ்லாம், தம் 1970ஆம் ஆண்டுத் தொகுப்பை ஐம்பது ஆண்டு கழித்து மீண்டும் பாடி வெளியிட்டார். ஓர் இரவு இஷாவுக்குப் பின், திண்ணையில் அமர்ந்திருந்த அவனிடம், "அந்த 'பாதர் அண்ட் சன்' பாட்டைப் புதிதாகப் பாடியிருக்கிறாராமே, போடு, கேட்போம்" என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். ஒன்றும் கேட்காமல் கைப்பேசியை எடுத்தான்.

ஊரில் இருக்கச் சொல்லும் தந்தைக்கும் புறப்படத் துடிக்கும் மகனுக்கும் நடக்கும் உரையாடலே அப்பாட்டு. பழைய பதிவில் இருவர் பகுதியையும் அவரே குரல் மாற்றிப் பாடினார். புதிய பதிவில் தந்தையின் பகுதியை எழுபத்திரண்டு வயது யூசுப் பாட, மகனின் பகுதியை 1970ஆம் ஆண்டு மேடைப் பதிவிலிருந்து எடுத்த அவருடைய இளமைக் குரல் பாடுகிறது.

"புதியதுதான் சிறந்தது" என்றேன். "தந்தையாகி, முதுமையும் கண்டவர் பாடுகிறார். அந்தக் கனம் பழையதில் இல்லை."

"இல்லை அத்தா" என்றான் அவன். "பழசுதான் ஒசத்தி. அப்போ அவருக்கு இருபத்திரண்டு வயசு. பிள்ளையா இருக்கும்போதே அத்தா பக்கத்து நியாயத்தையும் யோசிச்சுப் பாடியிருக்கார். வயசானப்புறம் அத்தாவாப் பாடுறது பெரிசில்லை."

நான் வாயடைத்துப் போனேன். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு என் மகன் என்னை மறுத்துப் பேசுகிறான்! பிறகு நானும் விடவில்லை. இரு பதிவுகளையும் மாற்றி மாற்றிக் கேட்டு, நள்ளிரவு வரை வாதிட்டோம். உள்ளிருந்து என் மனைவி, "அத்தாவுக்கும் மகனுக்கும் என்ன சண்டை?" என்று கேட்டாள். "சண்டையில்லை, படுத்துக்கொள்" என்றேன்.

புதியதே சிறந்தது என்ற கருத்தில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன். அவனும் மாறவில்லை; வெள்ளிதோறும் பெங்களூரிலிருந்து பேசும்போது, புதிதாக ஒரு காரணத்தோடு வருகிறான். ஒருநாள் துணிந்து கேட்டேன்: "இப்போது ஒரு கிதார் வாங்கிக்கொள்ளலாமே?"

"விரல் மறந்துபோச்சு அத்தா" என்றான்.

அதற்கும் என்னிடம் விடை இல்லை. ஆனால் இம்முறை நான் குரலை உயர்த்தவில்லை.