குரலுக்கு ஒரு காவல்

மட்டக்களப்பு வாவிக்கும் குரலுக்கும் பழைய உறவுண்டு. பூரணை இரவில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்தால் மீன் பாடுவது கேட்கும் என்பர் எம்மவர். வடமோடியும் தென்மோடியும் விடியும்வரை பாடி ஆடப்பெறும் மண் இது. காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள், 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேறக் கண்டவர். இந்நாட்டில் ஒருவர் தம் குரலை இழத்தல் எளிய இழப்பாகுமா?

என் தமக்கையார் முப்பது ஆண்டுகள் தமிழ் கற்பித்தவர். அவர் கழுத்திலே கழலை கண்டது. சத்திர சிகிச்சை வேண்டும் என்றார் வைத்தியர். “உயிருக்கு நான் அஞ்சவில்லை, தம்பி, பேச்சுப் போய்விட்டால் என்ன செய்வேன்?” என்றார் தமக்கையார்.

அவ்வச்சம் பேதைமையன்று. இத்தாலிய இசைவாணி அமெலிட்டா கல்லி-குர்ச்சி 1935இல் கழலையை அகற்றிக்கொண்ட பின் முன்போலப் பாடவில்லை என்று நெடுங்காலம் பேசப்பட்டது. சிகிச்சையே அதற்குக் காரணமா என்பதில் பிற்காலத்தார் மாறுபட்டனர்.

கழுத்தின் முன்புறத்தே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்தது தைரொயிட் சுரப்பி. அதன் பின்னால், இருபுறமும் ஒவ்வொரு மெல்லிய நரம்பு செல்கிறது. குரல்வளைக்கு நேரே வராமல் நெஞ்சுப்பக்கம் இறங்கி, இடப்புற நரம்பு பெருநாடியையும் வலப்புற நரம்பு கைக்குச் செல்லும் நாடியையும் வளைந்து மீண்டும் மேலேறும். குரல் நாண்களை அசைப்பவை இவையே. ஒன்று ஊறுபட்டால் குரல் கம்மும். இரண்டும் ஊறுபட்டால் மூச்சே தடைப்படலாம். கிரேக்க வைத்தியர் கேலன் 2ஆம் நூற்றாண்டிலேயே, பன்றியின் இந்நரம்பை அறுத்ததும் அதன் அலறல் அடங்கியதைக் காட்டினார். நரம்பைத் தேடிக் கண்டு காப்பதே நன்றென அமெரிக்க வைத்தியர் பிராங்க் லேஹி 1938இல் வலியுறுத்தினார்.

இன்று அக்கண்ணுக்குத் துணையாகக் காதும் வந்துள்ளது. மயக்கத்தில் இருப்பவருக்கு மூச்சளிக்கும் குழாயில், குரல் நாண்களைத் தொடுமிடத்தில் மின்வாய்கள் பொருத்துவர். நுண்ணிய மின்கோலால் நரம்பைத் தொட்டதும் குரற்றசை துடிக்கும். திரையில் அலை எழும், ஒலியும் பிறக்கும். உறங்குபவரின் குரலே, “நான் இங்கிருக்கிறேன், பார்த்து வெட்டுக” என்று சொல்வது போலாம். ஒருபுறம் முடிந்தபின் அவ்வொலி அற்றுப்போயின், மறுபுறத்தைப் பிறிதொரு நாளுக்கு ஒத்திவைக்கலாம். இதுவே பெரும்பயன்.

எனினும் கருவி மாத்திரம் குரலைக் காத்துவிடாது. தேர்ந்த கையும் நரம்பை அறிந்த கண்ணுமே முதன்மை. எல்லா வைத்தியசாலைகளிலும் அக்கருவி இராது. அஃது இல்லாமலே செவ்வனே முடிந்த சிகிச்சைகள் எண்ணில.

தமக்கையார் இவற்றையெல்லாம் வைத்தியரிடமே கேட்டறிந்து துணிந்தார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவருடைய குரல் நாண்களைச் சோதித்தனர். சில வாரம் குரல் கம்மியிருந்து, பின் தெளிந்தது.

கழுத்தில் வீக்கம் கண்டோர் அச்சத்தால் நாட்கடத்தல் ஆகாது. “என் குரல் நாண்களை முன்னரே சோதிப்பீர்களா? நரம்பை எவ்வாறு காப்பீர்கள்?” என்று வைத்தியரைக் கேட்பது மரியாதைக் குறைவன்று. குரலைக் காக்க வேண்டுமாயின், முதலில் அக்குரலாலேயே கேட்டல் வேண்டும்.