மழை நாளில் கணக்குப் பாடம்

நான் ஆசிரியர் வேலையில் சேர்ந்த காலத்தில் சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளிகள் பலவும் இருவேளைப் பள்ளிகள். காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். ஆங்கிலம், கணக்கு, உடற்கல்வி மூன்றையும் வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்வார்.

உடற்கல்விக்குத் திடல்தான். நம் ஊர் மழையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடி இடித்தால் பிள்ளைகளை வெளியே விடமுடியாது. மழை நின்றாலும் திடல் சேறு. உடனே கணக்குப் புத்தகத்தை எடுக்கச் சொல்வேன். உள்ளூர எனக்கு அதில் மகிழ்ச்சிதான். பாடத்திட்டம் முடியவேண்டுமே!

தொடக்கநிலை 4இல் ஒரு பையன். கணக்கில் எப்போதும் கடைசி. ஓட்டத்தில் அவனை முந்த ஆளில்லை. ஒரு ஜனவரியில் விடாத மழை. மூன்றாவது வாரம் அவன் எழுந்து, "சார், இன்னைக்கும் கணக்கா?" என்றான். வகுப்பே சிரித்தது. "மழை பெஞ்சா நான் என்ன செய்யறது? உட்காரு!" என்று அதட்டினேன். உட்கார்ந்தான். பிறகு அவன் அப்படிக் கேட்டதே இல்லை.

2016க்குள் எல்லாத் தொடக்கப்பள்ளிகளும் ஒருவேளைப் பள்ளிகளாக வேண்டும் என்று 2009இல் அரசாங்கம் முடிவெடுத்தது. உள்ளரங்கு விளையாட்டுக் கூடங்களும் பள்ளிதோறும் எழுந்தன. எங்கள் பள்ளியின் முறை வந்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். திடலில் பாதி போயிற்று. நிழல் தந்த தூங்குமூஞ்சி மரமும் போயிற்று.

மூன்று பூப்பந்துக் களங்கள் கொள்ளும் கூடம்; உயரமான கூரை, பக்கங்களில் காற்று வரத் திறப்பு. புகைமூட்டத்துக்கு அது உதவாது. 2015 செப்டம்பர் 25 அன்று பள்ளிகளையே மூடினார்கள், நினைவிருக்கும். ஆனால் மழைக்கு அதைவிட என்ன வேண்டும்? முதல் மழை நாளில் கூரையில் விழுந்த சத்தத்தை மீறிப் பிள்ளைகள் கத்தினார்கள். எனக்கு அந்தப் பையனின் முகம் நினைவுக்கு வந்தது.

அன்றும் இடம் இல்லாமல் இல்லை. சிற்றுண்டிச்சாலையில் மேசைகளைத் தள்ளிவைத்து விளையாட்டு நடத்திய சக ஆசிரியர்கள் இருந்தார்கள். எனக்கு மழை ஒரு சாக்கு. அந்த நேரம் அவனுடையது, நான் எடுத்துக்கொண்டேன்.

பேரப்பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் இன்று கூடம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு விளையாடுனியா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.