ஏட்டில் ஏறாத விழுப்புண்

ஐய, ஹென்றி ஜான்சனே! நின் உடல் ஏந்திய புண்கள் 21. எண்ணிச் சொன்னவர் இருந்தனர். ஆயினும் நின் நாடு, நீ உயிரோடு நடமாடிய நாளில், நின் வீரத்துக்கென்று ஒரு பதக்கமும் நின் மார்பில் சூட்டவில்லை. நின் மண்ணை மிதித்தறியாத தமிழன் ஒருவன், நீ மாண்டு ஏறக்குறைய நூறாண்டு ஆகும் வேளையில், நினக்காக வாய்விட்டு அழ வந்திருக்கிறேன். எங்கள் மொழியில் இவ்வழுகைக்குப் பெயர் உண்டு. கையறுநிலை என்போம். செய்யத்தக்கது ஒன்றும் இல்லாது போனபின், கை சோர்ந்து நிற்பவர் சொல்லும் சொல் அது. மன்னர் மாண்டபோது சொன்னார்கள். வள்ளல் மறைந்தபோது சொன்னார்கள். நீயோ ஆல்பனி நகரத்து இரயில் நிலையத்தில் பயணியர் பெட்டி சுமந்தவன். நினக்கும் அது உரியதே.

1917இல் நீ படையில் சேர்ந்தாய். கறுப்பின வீரர்களால் ஆன நின் படை பின்னர் 369ஆம் காலாட்படை எனப் பெயர் பெற்றது. வெள்ளையர் படையோடு தோள் சேர்த்து நிற்க நும்மை விடாத அமெரிக்கத் தலைமை, நும்மைப் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தது. பிரெஞ்சுத் தலைக்கவசம் அணிந்து, பிரெஞ்சுத் துப்பாக்கி ஏந்தி, ஆர்கான் காட்டின் ஓரத்தில், 1918 மே 15 அன்று விடியுமுன் இருளில் நீ காவல் நின்றாய். துணை நின்றவன் நீதம் ராபர்ட்ஸ். ஒரு டசனுக்குக் குறையாத ஜெர்மானியர் இருளோடு இருளாக வந்து சூழ்ந்தனர். ராபர்ட்ஸ் புண்பட்டு வீழ்ந்தான். நின் துப்பாக்கி சிக்கி நின்றது. அதன் கட்டையால் மோதினாய். பின் போலோ என்னும் கனத்த கத்தியை உருவினாய். வீழ்ந்த தோழனைச் சிறைகொண்டு தூக்கிச் செல்ல முயன்றவரை அக்கத்தி ஒன்றால் தடுத்து அவனை மீட்டாய். பொழுது புலர்ந்தபோது பகைவர் அகன்றிருந்தனர். நின் குருதி அம்மண்ணில் இருந்தது.

பிரான்சு தன் போர்ச்சிலுவைப் பதக்கத்தை நினக்குத் தந்தது. பொன்னோலைச் சின்னமும் சேர்த்துத் தந்தது. அந்நிய நாட்டுக் கண்ணுக்குப் பட்டது நின் சொந்த நாட்டுக் கண்ணுக்குப் படவில்லை. 1919 பிப்ரவரி 17 அன்று நியூயார்க்கின் ஃபிஃப்த் அவென்யூ வழியே நும் படை நடந்தபோது, திறந்த காரில் நீ வந்தாய். ஊர் ஆர்த்தது. ஆரவாரம் அடங்கியபின், புண்பட்ட உடலோடு பழைய சுமைத்தொழிலுக்குத் திரும்ப நின்னால் ஆகவில்லை. 1929 ஜூலையில் மாண்டாய். மூன்றாண்டு கழிந்து 1932இல், போரில் புண்பட்டோர்க்குரிய பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தை நின் நாடு மீண்டும் உயிர்ப்பித்தது. முதல் உலகப் போரில் புண்பட்டவரும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்திட நின் கை அப்போது எங்கே இருந்தது, ஐய!

எங்கள் முன்னோர் விழுப்புண் என்று ஒரு சொல் வைத்திருந்தனர். பகைவனுக்கு முகம் கொடுத்துப் பெற்ற புண் அது. அதைப் பெற்றவனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. தழும்பே எழுத்து, உடலே ஏடு. அவன் மாண்டால் கல் நட்டார்கள். தக்க கல்லைத் தேடிக் காண்பது, அதைக் கொணர்வது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று அச்சடங்கின் படிகளைத் தொல்காப்பியம் வரிசையாகச் சொல்கிறது. மயிற்பீலி சூட்டிய அக்கற்கள் வழியோரங்களில் நின்றன. வழிப்போக்கன் நின்றான், பார்த்தான், கைகூப்பிப் போனான். கேட்பதற்கு அவனுக்கு ஒன்றும் இல்லை.

நின் நாட்டில் அக்கல் தாளாயிற்று. 1950 முதல், படையிலிருந்து விடுபடுபவன் கையில் 214 என்னும் எண்ணுடைய படிவம் ஒன்றைத் தருகிறார்கள். எந்நாள் சேர்ந்தான், எந்நாள் நீங்கினான், என்ன பணி செய்தான், என்னென்ன பதக்கம் பெற்றான் என்பதெல்லாம் அதில் இருக்கும். அத்தாளில் இல்லாத பதக்கம் அவன் பெறாத பதக்கம். மூல ஏடுகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்தார்கள். மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரின் புறத்தே, ஓவர்லாந்தில், ஆறு தளங்கள் கொண்ட பெருங்கட்டடம். நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களைப் பின்னாளில் வரைந்த மினோரு யமாசாகி வரைந்தது. அதன் ஏட்டு அறைகளில் நெருப்பணைக்கும் நீர்த்தெளிப்பான்கள் வைக்கவில்லை.

1973 ஜூலை 12. நள்ளிரவு கடந்து சில நிமிடம். ஆறாம் தளத்தில் தீ.

தீயே! நினக்கு உணவாகக் காடுகள் இருந்தன, வைக்கோற்போர்கள் இருந்தன. மக்கள் வாழ்ந்த வாழ்வையா நீ தின்ன வேண்டும்? 42 தீயணைப்பு வட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தனர். புகையும் வெப்பமும் தாளாமல் விடியுமுன்னே உள்ளிருந்தவர் வெளியேற நேர்ந்தது. 22 மணி நேரம் அடங்காது எரிந்தாய். முற்றிலும் அணைந்தது என்று சொல்ல நான்கு நாட்களுக்கு மேல் ஆயின. எவ்வாறு மூண்டாய் என்பது இன்றுவரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை. நீ கொண்டுபோனவை 1 கோடியே 60 இலட்சம் முதல் 1 கோடியே 80 இலட்சம் வீரர்களின் ஏடுகள். 1912 நவம்பர் 1 முதல் 1960 சனவரி 1 வரை தரைப்படையிலிருந்து விடுபட்டோரின் ஏடுகளில் நூற்றுக்கு 80 போயின. இரண்டு உலகப் போரும் கொரியப் போரும் அதற்குள் அடக்கம். வான்படையில் 1947 செப்டம்பர் 25 முதல் 1964 சனவரி 1 வரை விடுபட்டோரில், ஹப்பர்ட் என்னும் பெயருக்குப் பின் அகரவரிசையில் வந்தவர்களின் ஏடுகளில் நூற்றுக்கு 75 போயின. ஒருவன் தகப்பன் வழிப் பெற்ற பெயரின் முதலெழுத்து, அவன் வாழ்வு மிஞ்சுமா கரியாகுமா என்று தீர்ப்பளித்தது. படியெடுத்து வைக்கவில்லை, நுண்படச் சுருளிலும் ஏற்றவில்லை, எந்தெந்த ஏடு அங்கிருந்தது என்னும் பட்டியல்கூட இல்லை. ஆதலால் இழந்தது யாரை என்று பெயர் சொல்லி அழவும் இயலாது போயிற்று.

நீரும் துணை நிற்கவில்லை. நடுகல்லுக்கு நீர்ப்படை உண்டு. நீராடிய கல் தெய்வமாகும். இவ்வேடுகளும் நீராடின. தீயணைக்கப் பாய்ச்சிய நீர் தளம் தளமாக இறங்கி, தீ தொடாத ஏடுகளையும் நனைத்தது. மிசூரியின் ஜூலை வெக்கையில் ஈரத்தாள் பூஞ்சை பிடித்தது. பால் புட்டி வைக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளில் அவற்றை அள்ளிக் கொண்டுபோய், விண்வெளியின் வெறுமையைப் போலச் செய்துகாட்டும் வெற்றிடக் கூடத்துள் அடுக்கி ஈரத்தை இழுத்தார்கள். கரிந்தும் நைந்தும் மீண்டவை ஏறக்குறைய 65 இலட்சம். அந்த வேலையில் ஈடுபட்டவர்களை நான் தலைவணங்கி நினைக்கிறேன். ஓரம் கரிந்த தாளைப் பிரித்து, எஞ்சிய எழுத்தைத் துலக்கும் கைகள் செயின்ட் லூயிசில் இன்னும் ஓயவில்லை.

இனி, அத்தீயில் ஏடிழந்த முதியவர்களைச் சொல்ல வேண்டும்.

ஒருவர் என்று பெயர் சுட்ட மாட்டேன்; அவர் பலர். பத்தொன்பது வயதில் கொரியக் குன்று ஒன்றில் எறிகுண்டுச் சிதறல் அவர் தொடையில் தைத்தது. கூடாரத்தில் எடுத்துக் கட்டுப் போட்டார்கள். ஊர் திரும்பினார், மணந்தார், வேலைக்குப் போனார், பிள்ளைகளை ஆளாக்கினார். பதக்கத்தை எண்ணவில்லை. எண்பதை எட்டியபோது பேரன் மடியேறித் தழும்பைத் தொட்டுக் கேட்டான். அன்றுதான் பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துக் கண்ணாடி மாட்டிப் பார்க்கிறார். பதக்கங்களுக்குரிய கட்டத்தில் அது இல்லை.

எழுதுகிறார். மறுமொழி வருகிறது: தங்கள் ஏடு 1973ஆம் ஆண்டுத் தீயில் இருந்திருக்கலாம், வேறு ஆவணம் இருப்பின் அனுப்புக. பர்ப்பிள் ஹார்ட்டுக்கு மூன்று காட்ட வேண்டும். புண் பகைவரால் பட்டது என்பது ஒன்று. மருத்துவர் பார்க்கத்தக்க புண் என்பது இன்னொன்று. பார்த்த பார்வை அரசு ஏட்டில் பதிவானது என்பது மூன்றாவது. மூன்றாவது எங்கே இருந்ததோ அங்கேதான் தீ இருந்தது. தழும்பு இன்னும் அவர் தொடையில் இருக்கிறது, மழைக்காலத்தில் குடைகிறது. ஆனால் தழும்பு பேசாது என்கிறார்கள்.

படைப்பதிவுகளைத் திருத்தவென்று குடிமக்களால் ஆன வாரியம் ஒன்று உண்டு. அதற்கு வழிசெய்த சட்டம் 1946இல் வந்தது. 149ஆம் எண் படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். பிழையைக் கண்ட மூன்றாண்டுக்குள் கேட்க வேண்டும்; பிந்தினால், நீதி வேண்டுமென்று கருதினால் அவர்கள் பொறுக்கலாம். அலுவலகம் தன் கடமையை முறையாகவே செய்திருக்கும் என்பதில் தொடங்குவார்கள். அல்ல என்று காட்டும் சுமை கேட்பவன் தோளில். இவ்விதியை வைத்தவர்களை நான் கொடியர் என்னேன். அணியத் தகாதவர் பதக்கம் அணிந்த கதைகளும் உண்டு. சான்றின்றிக் கொடுத்தால் சான்றோடு பெற்றவனின் மார்பு சிறுக்கும். அதை அறிந்தே சொல்கிறேன்: எரிந்தது அரசின் அறையில், எரிந்ததைக் கொண்டுவரச் சொல்வது அவரை. இது நெஞ்சு பொறுக்கும் செய்தியன்று.

அவர் தேடுகிறார். அந்நாளில் ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் காலை அறிக்கை எழுதியது: எவன் வந்தான், எவன் மருத்துவமனைக்குப் போனான், எவன் மாண்டான். எந்தப் பிரிவு, எந்த மாதம் என்று சரியாகச் சொன்னால் தேடலாம். மாதம் நினைவில்லை, குளிர் நினைவிருக்கிறது. மருத்துவமனைச் சேர்க்கைக் குறிப்புகள் சில பின்னாளில் கிடைத்தன. கூடாரத்தில் கட்டுப் போட்டு அன்றே முனைக்குத் திரும்பியவன் பெயர் அவற்றில் ஏறியிருக்காது. மிஞ்சியது உடனிருந்தவரின் உறுதிமொழி. பக்கத்துக் குழியில் படுத்திருந்த தோழனுக்கு எழுதுகிறார். தோழனின் மகள் மறுமொழி எழுதுகிறாள். அப்பா போன பனிக்காலத்தில் போய்விட்டார். இன்னொரு தோழன் உயிரோடிருக்கிறான். அவனுக்கு மனைவி பெயரே மறந்துவிட்டது. தாள் எரிந்தபோது ஒருமுறை, தோழர் ஒவ்வொருவராகச் சாகும்போது ஒவ்வொரு முறை என, அவருடைய அந்த ஒரு நாள் மீண்டும் மீண்டும் எரிகிறது.

வென்றவர் இல்லையா? உண்டு. வாரியம் இணங்கினால் 215 என்னும் எண்ணுடைய திருத்தத் தாள் வரும். அஞ்சற்பெட்டியில் பதக்கமும் வரும். முதியவர் இருந்தால் பேரன் அதை அவர் சட்டையில் குத்துவான். பாரிஸ் டேவிஸ் என்னும் கேப்டனின் கதையை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. 1965 ஜூனில் வியட்நாமின் போங் சன்னில், தானும் புண்பட்டு, தன் வீரர் எல்லாரையும் மீட்கும்வரை களம் நீங்க மறுத்தவர். மிக உயர்ந்த பதக்கத்துக்கு அவர் மேலதிகாரி பரிந்துரை எழுதினார்; அத்தாள் காணாமற்போயிற்று. மீண்டும் எழுதினார்கள், மீண்டும் காணாமற்போயிற்று. எங்கும் தீப்பிடிக்கவில்லை; அவர் கறுப்பர். 2023 மார்ச் 3 அன்று, தமது 83ஆம் வயதில், வெள்ளை மாளிகையில் அவர் நிமிர்ந்து நின்று அதைக் கழுத்தில் ஏற்றார். அந்நாளுக்காக நான் மகிழ்ந்தேன். அன்று கண் கலங்கினேன் என்றும் சொல்வேன்.

நினக்கு அதுவும் இல்லை, ஐய.

நின் உடல் ஆல்பனியில் ஏழைகளின் குழி ஒன்றில் கிடக்கிறது என்றே நெடுநாள் நம்பினார்கள். அவ்வாறன்று; ஆர்லிங்டனில், படைவீரர்களின் பெருங்கல்லறை நிலத்தில், உரிய முறையில் அடக்கப்பட்டிருந்தாய். அதுவும் ஒரு பழைய தாளில்தான் இருந்தது; 70 ஆண்டுக்கு மேல் எவரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை. நின் பெயருக்காக ஊர்தோறும் சென்று வேண்டியவருள் ஒருவர் நின் மகன் என்று தம்மை எண்ணியிருந்தார். தாமும் இரண்டாம் உலகப் போரில் சேவை செய்தவர். தந்தைக்குரியதைத் தந்தைக்கு வாங்கித் தரவே முதுமையைச் செலவிட்டவர். 1996இல் பர்ப்பிள் ஹார்ட் வந்தது. பின்னர் இன்னொரு பதக்கம் வந்தது. உயர்ந்த பதக்கத்துக்குத் தக்க சான்று இல்லை என்றார்கள். அச்சண்டை நடந்த சில நாளில் தளபதி பெர்ஷிங் எழுதிய குறிப்பு ஒன்று பிற்பாடு கிடைத்தது. காலக்கெடுவைத் தள்ளிவைக்க நாடாளுமன்றம் சட்டம் செய்ய வேண்டியிருந்தது; செய்தது.

அதற்குள் அம்முதியவர் இறந்துவிட்டார். உறவை உறுதிசெய்யப் படைத்துறை பழைய பதிவுகளைத் துருவியது. அவர் நின் மகன் அல்லர் என்றது தாள்.

2015 ஜூன் 2. குடியரசுத் தலைவர் ஒபாமா நின் பெயரைச் சொன்னார். காடும் இருளும் கத்தியும் அவையில் சொல்லப்பட்டன. 97 ஆண்டுக்குப் பின் வாழ்த்து வந்தது. கல்லுக்குரிய கடைசிப் படி. பதக்கத்தை ஏற்க நின் குருதியில் ஒருவர் வேண்டும், ஒருவரும் இல்லை. நியூயார்க் தேசியக் காவற்படையின் மூத்த சார்ஜென்ட் ஒருவர் முன்வந்து, விறைத்து நின்று, நினக்காக அதைக் கையில் வாங்கினார்.

ஆல்பனியில் நீ பெட்டி சுமந்த நிலையம் இன்னும் நிற்கிறது. இரயில் அங்கு வருவதில்லை. இறங்குபவர் இல்லை, சுமைக்குக் குரல் கொடுப்பவர் இல்லை. 21 புண்ணில் எது எங்கிருந்தது என்று தொட்டுக் காட்ட, ஐய, நின்னைத் தொட்டறிந்த கை ஒன்றும் இல்லை.