எருக்கஞ்செடியும் வேஷக்காரியும்

திருநெல்வேலிக்குப் போகிறவர்கள் நெல்லையப்பரையும் காந்திமதியம்மனையும் தரிசிப்பார்கள். அல்வாப் பொட்டலமும் கையுமாக ரயில் ஏறிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஓர் அரைமணி நேரம் ஒதுக்கிக் குறுக்குத்துறைக்கு வாருங்கள். தாமிரபரணிக்குள்ளேயே முருகன் கோயில்! வெள்ளம் வந்தால் கோயிலே மூழ்கிவிடும்.

படித்துறையில் கால் நனைத்துவிட்டுக் கரையோரத் தரிசுப் பக்கம் திரும்புங்கள். அங்கே எருக்கஞ்செடி நிற்கும்.

"சீ, எருக்கா?" என்று முகம் சுளிக்கிறீர்களா? பாவம், பிள்ளையார் சதுர்த்தியன்றுதான் அதற்கு மரியாதை. மற்ற நாளில் ஆடுமாடுகூட வாய் வைக்கத் தயங்கும். கிளையை ஒடித்தால் பால் வடியும். அதில் இருதயத்தையே தாக்கும் விஷம் இருக்கிறது. கண்ணில் பட்டாலும் ஆபத்து; குழந்தைகளைத் தொடவிடாதீர்கள்.

ஆனால் சற்று உற்றுப் பாருங்கள். அதிர்ஷ்டமிருந்தால், கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட ஒரு புழு அந்த இலையை ருசித்துத் தின்றுகொண்டிருக்கும். விஷம் அதை ஒன்றும் செய்வதில்லை. அது மட்டுமா? விஷத்தில் ஒரு பங்கைத் தன் உடம்பிலேயே சேமித்துக்கொள்கிறது! பிறந்த வீட்டுச் சீதனம்போல், வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்போதும் அது கூடவே வருகிறது. 'வெந்தய வரியன்' என்பது அதன் பெயர். பதற்றமில்லாமல், மகாராணிபோல் மெல்லப் பறக்கும்.

இதன் நெருங்கிய உறவான அமெரிக்க மோனார்க் வண்ணத்துப்பூச்சியை, 1960-களில் லிங்கன் பிரவர் என்ற விஞ்ஞானி ஒருவகை நீலப் பறவைக்குத் தின்னக் கொடுத்தார். பறவை சற்று நேரத்தில் வாந்தி எடுத்தது. பிறகு அந்தப் பூச்சியைக் கண்டாலே ஒதுங்கியது.

வேடிக்கை இனிமேல்தான். நாம் கடைந்து சாப்பிடும் பருப்புக்கீரையில் வளரும் வேறொரு வண்ணத்துப்பூச்சி உண்டு. அதனிடம் எருக்கு விஷம் கிடையாது. ஆண் பூச்சி கறுப்பு. வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். பெண்ணோ, அச்சாக வெந்தய வரியனைப் போலவே உடுத்திக்கொண்டு உலவுகிறாள்! ஒருமுறை பட்டுத் தெரிந்த பறவை, ஏமாந்து அவளையும் விட்டுவிடுகிறது.

ஆனால் அம்மணி, அசல் இருக்கும்வரைதான் நகல் பிழைக்கும். சுத்தம் செய்கிறோமென்று எருக்கையெல்லாம் வெட்டிவிட்டால், வரியன் அருகிவிடும். பறவைகளுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை. அப்புறம் கீரைக்காரியின் வேஷம் எப்படிப் பலிக்கும்?

உங்கள் வீட்டு மதிலுக்கு வெளியே, குழந்தைகளுக்கு எட்டாத மூலையில் ஓர் எருக்கு முளைத்தால், அரிவாளைத் தேடாதீர்கள். அதை நம்பி இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன.