மரச் சிறகும் ஆகாய வாணமும்

புதுச்சேரி முத்தியாலுப்பேட்டையைக் கடந்து வடக்கே பிரயாணம் செய்கிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. கோட்டக்குப்பம் வந்ததும் தமிழ்நாட்டில் நுழைந்து விடுகிறோம். சிறிது தூரம் சென்று காலாப்பட்டை அடைந்தால் மறுபடியும் புதுச்சேரிப் பிரதேசம். அதையும் தாண்டினால் மீண்டும் தமிழ்நாடு! இந்த எல்லைக் கோடுகளைப் பற்றிக் கவலைப்படாமல் வலப்புறத்தில் கடல் கூடவே வருகிறது. இப்படியே போனால் கழுவெளி ஏரியும், வெயிலில் பளபளக்கும் மரக்காணத்து உப்பளங்களும் தென்படும்.

மரத்துக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது அறிஞர் பலருடைய கருத்து. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய வாசனைக் கட்டைகளை அவ்வூரார் அடுப்பில் வைத்து எரித்தார்களாம்! இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் செலுத்திய தமிழனின் கட்டுமரம், பெயரோடு ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. இப்போது இந்தக் கரையில் பெரும்பாலும் பைபர் படகுகளே நிற்கின்றன. அப்படியானால் மரவேலை தெரிந்த கைகள் என்ன செய்கின்றன?

இந்தக் கேள்விக்கு எதிர்பாராத ஒரு விடை கோட்டக்குப்பத்தில் நமக்குக் கிடைத்தது. நாம் தங்கியிருந்த நண்பர் வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு கொட்டகை. அதற்குள் ஒரு பழைய மேஜை, இழைப்புளி, வாள், அரம், உப்புத்தாள். அவற்றின் நடுவே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ராக்கெட் செய்து கொண்டிருந்தான்! பக்கத்தில் முன்னாளில் படகு கட்டிய முதிய தச்சர் ஒருவர் உட்கார்ந்து, வெற்றிலையை மென்றவாறு வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்தார்.

சோடா விற்ற பிளாஸ்டிக் புட்டிதான் ராக்கெட்டின் உடல். முனையில் மரக் கூம்பு. அடியில் மூன்று மரச் சிறகுகள். பழைய ஜன்னல் பலகையிலிருந்து அறுத்த தேக்குச் சிறகுகள் பார்வைக்கு வெகு அழகாகத்தான் இருந்தன. தச்சர் ராக்கெட்டைக் கையில் வாங்கி, ஒற்றை விரலின் மேல் நிறுத்தினார். அது வால் பக்கம் சாய்ந்தது.

"தம்பி, வால் கனத்தால் தோணி தலை தூக்கும். இதுவும் அப்படித்தான் பண்ணும்" என்றார்.

"அதெப்படி தாத்தா சொல்கிறீர்கள்? இது தண்ணீரில் போகிறதா என்ன?"

"காற்றும் தண்ணீர் மாதிரிதான். கட்டிச் சுற்றிப் பாரேன்."

விரலில் சமனாக நின்ற இடத்தில் பையன் ஒரு நூலைக் கட்டினான். கவண் சுற்றுவது போலத் தலைக்கு மேல் சுழற்றினான். என்ன ஆச்சரியம்! முனை முன்னே வருவதற்குப் பதிலாக வால் முன்னே வந்தது. பையனின் முகம் வாடிற்று. ஆனால் ராக்கெட் சாஸ்திரத்தின் முதற் பாடத்தை அவன் அந்த நிமிஷத்தில் கற்றுக் கொண்டான். ராக்கெட்டின் மொத்தக் கனமும் கூடுகிற புள்ளி ஒன்று. பக்கவாட்டில் வீசும் காற்றின் தள்ளுதல் கூடுகிற புள்ளி மற்றொன்று. கனத்தின் புள்ளி முன்னாலும் காற்றின் புள்ளி பின்னாலும் இருந்தால்தான் அது நேரே செல்லும். இரண்டுக்கும் இடையே ராக்கெட்டின் குறுக்களவு ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் வைத்திருக்கும் கணக்கு.

பிறகு வேலை மும்முரமாக நடந்தது. தேக்கு ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 0.65 கிராம் இருக்கும். மாதிரி விமானம் செய்கிறவர்கள் விரும்பும் பால்சா என்ற தென்னமெரிக்க மரமோ சுமார் 0.16 கிராம்தான். ஆகவே சிறகுகள் பால்சாவுக்கு மாறின. மரத்தின் இழை, சிறகின் முன்விளிம்பை ஒட்டி ஓடும்படி அறுக்க வேண்டும். இழை உடலுக்கு இணையாக ஓடினால் தரையில் விழுந்த மாத்திரத்தில் சிறகு முறிந்து போகும். முன்விளிம்பை உருட்டி, பின்விளிம்பை மெலிதாக்கி, உப்புத்தாளால் தேய்த்தார்கள். புட்டியைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, அதை மூன்று சமபாகமாக மடித்து, சிறகுகளின் இடத்தைக் குறித்துக் கொண்டார்கள். கூம்பு கல்யாண முருங்கைக் கட்டையில் உருவாயிற்று. கடைசல் இயந்திரம் இல்லாததால், கட்டையைத் துளைபோடும் மின்கருவியில் பொருத்திச் சுழலவிட்டு, அரத்தால் வடித்தார் தச்சர். முனையைக் கூராக்காமல் மழுங்கலாகவே விட்டு, உள்ளே கொஞ்சம் களிமண் அடைத்தார்கள். மறுபடி நூலில் கட்டிச் சுழற்றியபோது முனை முன்னே வந்தது!

மரத்தின் இந்த மகிமையை நம் நாட்டார் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் போரில் விட்ட வாணங்களில் வெடிமருந்து இரும்புக் குழாயில் இருந்தது. அதனோடு சேர்த்துக் கட்டிய நீண்ட மூங்கில் கழிதான் அதை நேரே செலுத்தியது. 1780-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஆங்கிலப் படை அந்த வாணங்களுக்கு முன் கலங்கித் தோற்றது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, இங்கிலாந்தில் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பார்த்தே தம்முடைய ராக்கெட்டுகளைச் செய்தார். அவரும் கழியைக் கைவிடவில்லை. தீபாவளியன்று நம் வீட்டுக் குழந்தைகள் விடும் வாணத்தில் இன்றும் அந்தக் குச்சி இருக்கிறது. அதைப் பிடுங்கிவிட்டுக் கொளுத்தினால் வாணம் எந்த வீட்டுக்குள் புகும் என்று யாரால் சொல்ல முடியும்? நெருப்பு வேகத்தைத் தருகிறது. திசையைத் தருவது மரம்.

நெருப்பைப் பற்றிக் குடும்பத்தார் கவலைப்படுவது நியாயமே. 1950-களில் அமெரிக்கச் சிறுவர் பலர் இரும்புக் குழாயில் தாங்களே மருந்து அடைத்து, விரல்களையும் கண்களையும் இழந்தார்கள். நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் 1954-இல் காகிதத்தாலும் மரத்தாலும் மாதிரி ராக்கெட் செய்து, அதற்குத் தொழிற்சாலையில் அடைத்த மருந்துக் குழல் என்ற முறையை ஏற்படுத்தினார். அங்கே மாதிரி ராக்கெட்டின் முனையிலும் உடலிலும் சிறகிலும் உலோகம் கூடாது என்பது இன்றும் விதி. நம் நாட்டில் உரிமமின்றி வெடிமருந்து தயாரிப்பதை 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தடுக்கிறது. சட்டம் இருக்கட்டும், 2012-இல் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களை விழுங்கிய தீயை நாம் மறக்கலாமா? தொழில் தெரிந்தவர்களையே எரித்த நெருப்பு, விளையாட்டுப் பிள்ளையிடம் தயவு காட்டுமா?

கோட்டக்குப்பத்துப் பையனுக்கு நெருப்பே தேவைப்படவில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத மணல்வெளியில், புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வால்வு பொருத்திய தக்கையால் அடைத்து, மரச் சட்டத்தில் நிறுத்தினான். எல்லோரும் விலகி நின்ற பிறகு சைக்கிள் பம்பினால் காற்றை ஏற்றினான். 'புஸ்' என்று தக்கை கழன்றது. நீர் கீழே பீறிட, ராக்கெட் தென்னை உயரத்தைத் தாண்டி நேரே சென்று மணலில் விழுந்தது. தச்சர் ஓடிப்போய் முதலில் பார்த்தது சிறகைத்தான். முறியவில்லை!

இதெல்லாம் பிள்ளை விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். ராமேசுவரத்தில் ஜைனுலாப்தீன் என்பவர் யாத்ரிகர்களைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் செல்ல மரப் படகு கட்டியபோது, அது உருவாவதை அருகிலிருந்து பார்த்த மகன் அப்துல் கலாம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி தும்பாவிலிருந்து நம் நாட்டின் முதல் ஆராய்ச்சி ராக்கெட் கிளம்பியபோது, அதன் பாகங்களை ஒன்றுசேர்க்கும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் அவரிடம் இருந்தன. கோட்டக்குப்பத்தின் வழியே செல்லும் இதே கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்துக்கும் வடக்கே பட்டிபுலம் இருக்கிறது. அங்கே 2023 பிப்ரவரி 19-ந் தேதி, பள்ளி மாணவர்கள் சேர்ந்து செய்த 150 சிறு செயற்கைக்கோள்களை ஒரு ராக்கெட் சுமந்து சென்றது. தெற்கே குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது.

அங்கெல்லாம் வேலை செய்யப் போகிறவர்கள் இப்போது யாராவது ஒருவர் வீட்டுப் பின்கட்டில்தான் இருக்க வேண்டும். ஆகவே வருகிற கோடை விடுமுறையில், நேயர்களே, உங்கள் குழந்தைகள் மரத்தூளைக் கூடமெல்லாம் இறைத்தால் கோபித்துக் கொள்ளாதீர்கள். ஒரு தாள் உப்புத்தாள் வாங்கிக் கொடுங்கள். தெருக்கோடியில் வேலை ஓய்ந்த தச்சர் எவரேனும் இருந்தால், அவருக்கு ஒரு மணையும் வெற்றிலைத் தட்டும் போட்டு உட்கார வையுங்கள். மீதியை அவர்கள் இருவரும் பார்த்துக் கொள்வார்கள்.