நான் ஆன்டிவைரஸ் வாங்கின கதை

போன வாரம் மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருக்கும்போது சென்னையில இருந்து ஒரு சிநேகிதர் போன் பண்ணினார். புதுசா லேப்டாப் வாங்கியிருக்காராம். "அண்ணே, நீங்கதான் இத்தன வருசமா கம்ப்யூட்டர்ல எழுதறீங்களே, ஆன்டிவைரஸ் காசு குடுத்து வாங்கணுமா, இலவசமே போதுமா?"ன்னு கேட்டார். கையெல்லாம் மண்ணு, ஆளுங்க வேற காத்துட்டு நின்னாங்க. ராத்திரி பேசறேனுங்கன்னு சொல்லி வெச்சுட்டேன். ராத்திரி பேச உக்காந்தா ரெண்டு வார்த்தையில முடியல. அதனால இங்கயே எழுதிடறேன்.

2010-ல மஞ்சள் விலை ஏறுன ஏத்தம் ஈரோட்டுப் பக்கத்துக்காரங்க யாருக்கும் மறக்காது. அந்தக் காசுல கடனை அடைச்சதுபோக, மகளோட படிப்புக்குன்னு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினேன். பெண்டியம் 4, 512 எம்பி ராம், விண்டோஸ் எக்ஸ்பி. அவ படிச்சதைவிட நான் அதுல தமிழ் அடிக்கக் கத்துக்கிட்டதுதான் அதிகம்.

அப்ப வைரஸ்னா பென் டிரைவ்ல வர்றதுதான். டவுன்ல ஜெராக்ஸ் கடையில பிரிண்ட் எடுக்கப் போனா ஊர்ல இருக்கற எல்லா வைரசும் ஒட்டிக்கிட்டு வந்துரும். மாட்டுச் சந்தையில இருந்து உண்ணி வர்ற மாதிரி. 'நியூ ஃபோல்டர்'னு ஒண்ணு இருக்கும், பாக்க மஞ்சள் கலர் ஃபோல்டர் மாதிரியே இருக்கும். அது ஃபோல்டர் இல்ல, புரோகிராம். கிளிக் பண்ணினா போச்சு. அதுக்கப்புறம் நம்ம ஃபைலையெல்லாம் மறைச்சு வெச்சுட்டு ஷார்ட்கட்டா காட்டற வைரஸ் வந்துச்சு. கடைத் தம்பி கருப்புத் திரையில ஒரு வரி அடிச்சு எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வருவான், அம்பது ரூபா வாங்குவான். பென் டிரைவை சொருகுன உடனே தானா ஓடற வசதியை 2011-ல மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் விட்டு நிறுத்துச்சு. ஆனா என் டேட்டா கார்டுல அப்டேட் எங்க இறங்கும்? மாசத்துக்கு ஒரு ஜிபி. அதை வெச்சு மெயில் பாக்கறதா, அப்டேட் போடறதா?

அதே தம்பிதான் ஒரு இலவச ஆன்டிவைரஸ் போட்டுக் குடுத்தான். அப்டேட் ஆனா அதுல ஒரு பொம்பளைக் குரல் இங்கிலீஷ்ல பேசும். மொதல் தடவ பேசினப்ப எங்கம்மா சமையக்கட்டுல இருந்து வந்து, "யாருடா வந்துருக்கறது, காப்பி வெக்கட்டுமா?"ன்னு கேட்டாங்க. குறை சொல்லக்கூடாது, அந்த இலவசம் பென் டிரைவ் வைரஸை நல்லாவே புடிச்சுது. வருசத்துக்கு ஒருக்கா மெயில் குடுத்து பதிவு பண்ணினாப் போதும். போகப் போகத்தான் தொல்லை. அதை வாங்கு, இதை வாங்குன்னு மூலையில பொட்டி பொட்டியா வந்து நிக்கும். "உங்க கம்ப்யூட்டர் ஆபத்துல இருக்கு"ன்னு சிவப்பா ஒண்ணு வரும், தொட்டா விலைப்பட்டியல். மருந்துக் கடைக்கு ஒரு இலையைக் கொண்டுபோய்க் காட்டினா மூணு பாட்டில் எடுத்து வெப்பாங்க இல்லீங்களா, அதே கணக்கு.

இன்னொண்ணு பின்னாடிதான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இலவச ஆன்டிவைரஸ் குடுக்கற ஒரு பெரிய கம்பெனி, ஜனங்க எந்தெந்தப் பக்கத்தைப் பாக்கறாங்கங்கற விவரத்தைச் சேத்து வித்ததுக்காக, அமெரிக்காவுல 2024-ல 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டியதாப் போச்சு. காவலுக்கு வந்தவன் நம்ம வீட்டுல என்ன கொழம்புன்னு ஊருக்குள்ள சொல்லி வித்த கதை.

இலவசம் போதாதுன்னு 2013-ல காசு குடுத்து ஒண்ணு வாங்கினேன். அட்டைப் பொட்டியில சிடி, உள்ள ஒரு நம்பர். எழுநூறு ரூபா. நான் பண்ணின பைத்தியக்காரத்தனம் என்னன்னா, பழைய இலவசத்தை எடுக்காமயே இதையும் போட்டேன். ரெண்டு நாய் இருந்தா காவல் கெட்டிதானேன்னு ஒரு நெனப்பு. ரெண்டும் ஒண்ணையொண்ணு கடிச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் அசையல. சுவிட்ச் போட்டுட்டுப் போய் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்தாலும் திரை இன்னும் நீலமாத்தான் நிக்கும். ஒண்ணை எடுத்த பின்னாடி கொஞ்சம் பரவாயில்ல. ஆனா அது ஒருநாள் என் தமிழ் தட்டச்சு மென்பொருளையே வைரஸ்னு சொல்லித் தூக்கி உள்ள போட்டுருச்சு. கீ அடிக்கறதை நடுவுல புகுந்து மாத்தறதால அதுக்குச் சந்தேகமாம். ரெண்டு நாள் தமிழ் எழுத முடியல. அப்புறம் மகதான் வந்து அதை விலக்குப் பட்டியல்ல போட்டுக் குடுத்தா.

வருசா வருசம் புதுப்பிக்கறதுதான் பெரிய கூத்து. மொத வருசம் தள்ளுபடி விலை. லைசென்ஸ் முடிய முப்பது நாள் இருக்கும்போதே போன் வரும், திரையில நாள் எண்ணிட்டே இருக்கும். புதுப்பிக்கற விலையைப் பாத்தா கடையில புதுப் பொட்டியே வெல கம்மி. அப்படியும் விடாம ஆறேழு வருசம் காசு கட்டினேன்.

இனி சொல்லப் போறதுதான் அன்னைக்கு ராத்திரி சிநேகிதர்கிட்ட சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைச்சது.

எங்கப்பா 2016-ல காலமானார். அதுக்கு முந்தின வருசம் கெணத்து மேட்டுல உக்கார வெச்சு, போன்ல அவரைப் பேச விட்டுப் பதிவு பண்ணியிருந்தேன். 37 நிமிசம். அந்தக் கெணறு வெட்டுன கதை. எத்தன முழத்துல பாறை தட்டுச்சு, யார் யார் கடப்பாறை புடிச்சாங்க, எங்காத்தா எந்தக் காப்பை அடமானம் வெச்சாங்க, மொத ஊத்து எந்த மூலையில கண்ணு தொறந்துச்சு, எல்லாம் இருந்துச்சு. ஆனா அன்னைக்குப் பாத்து பக்கத்துக் காட்டுல டிராக்டர் ஓடிட்டு இருந்ததால பாதிப் பேச்சு அந்த இரைச்சல்ல அமுங்கிப் போச்சு.

2019-ல அந்த இரைச்சலை எடுத்துரலாம்னு ஆசைப்பட்டேன். விலை அதிகமான ஒரு மென்பொருளை 'கிராக்' பண்ணி இலவசமாத் தர்றதா ஒரு வீடியோவுல காட்டினாங்க. இறக்கினேன். ஆன்டிவைரஸ் விடல, சிவப்பா கத்துச்சு. வீடியோக்காரன் சொன்னான், அது சும்மா கத்தும், பத்து நிமிசம் ஆஃப் பண்ணிட்டுப் போடுங்கன்னு. ஆஃப் பண்ணினேன். காசு குடுத்து வெச்ச காவக்காரன் கத்திச் சொல்லியும், நானே அவனை வெளிய போடான்னு அனுப்பிச்சுட்டு கதவைத் தொறந்து விட்டேன். போட்டு முடிச்சதும் ஒண்ணும் நடக்கல. சரி, அப்புறம் பாக்கலாம்னு தண்ணி கட்டப் போயிட்டேன்.

திரும்பி வந்து பாத்தா எல்லா ஃபைல் பேருக்கும் பின்னாடி ஒரு வால் முளைச்சிருக்கு. போட்டோ தொறக்கல, கணக்கு தொறக்கல, அப்பாவும் தொறக்கல. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ஒரு கடுதாசி. 980 டாலர் குடு, 72 மணி நேரத்துக்குள்ள மெயில் போட்டா பாதிதான், 490 டாலர்னு இருந்துச்சு. அன்னைய நெலவரத்துக்கு 34,000 ரூபா கிட்ட. அஞ்சு குவிண்டால் மஞ்சள். பொய் சொல்ல மாட்டேன், குடுத்துரலாம்னுதான் தோணுச்சு. கடைத் தம்பிதான், "குடுத்தாலும் திருப்பித் தருவான்னு என்னங்கய்யா நிச்சயம்"னு தடுத்தான். ஆனா ஒரு நல்ல வேல பண்ணினான். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காமக் கழட்டிக் கையில குடுத்துட்டு, வேற டிஸ்க் போட்டுக் குடுத்தான்.

அந்த வருசம் அக்டோபர்ல எம்சிசாஃப்ட்னு ஒரு கம்பெனி, இந்த வகை வைரஸ் பூட்டுன ஃபைலைத் தொறக்க இலவசமாவே ஒரு கருவி வெளியிட்டாங்க. ஓட்டிப் பாத்தேன். இந்த வைரஸ் வேல செய்யும்போது கம்ப்யூட்டர்ல நெட் இல்லீன்னா ஒரு பொதுச் சாவியில பூட்டுமாம், அதைத் தொறக்க வழி உண்டு. நெட் இருந்தா அவனுங்க சர்வர்ல இருந்து நமக்குன்னு தனிச் சாவி வாங்கிப் பூட்டிரும். அன்னைக்கு என் வீட்டுல நெட் நல்லாத்தான் இருந்துச்சு. ஊருக்குள்ள பிராட்பேண்டு மொதல்ல இழுத்தவன் நானுங்கற பெருமை வேற.

இன்னொரு கொடுமை. இரைச்சல் எடுக்கறதுக்கு ஆடாசிட்டின்னு ஒரு மென்பொருள் எப்பவும் இலவசமாவே இருக்கு. யாரும் திருட வேண்டியதில்ல. அது எனக்குத் தெரிஞ்சது ஆறு மாசம் கழிச்சு.

சிநேகிதருக்குச் சொன்ன பதிலைச் சொல்லிடறேன். விண்டோஸ் 10-லயும் 11-லயும் டிஃபெண்டர்னு ஒண்ணு கூடவே வருது, தனிக் காசு இல்ல. வீட்டுக்கு ஒரு லேப்டாப் வெச்சிருக்கறவருக்கு அது போதுமுங்க. புது லேப்டாப்புல சில நாளைக்கு ஓசியில வர்ற ஆன்டிவைரஸ், நாள் முடிஞ்சு கத்த ஆரம்பிச்சா பயப்படாம எடுத்துருங்க. எடுத்ததும் டிஃபெண்டர் தானா வேலைக்கு வந்துரும். நாலு பேர் பென் டிரைவ் சொருகற ஜெராக்ஸ் கடைக்காரர்னா காசு குடுத்து வாங்கறதுல அர்த்தம் இருக்கு. நம்ம கடைத் தம்பி இன்னைக்கும் வாங்கறான். நீங்க அந்தக் காசைச் சேத்து வெச்சு வெளிய மாட்டற ஹார்ட் டிஸ்க் ஒண்ணு வாங்குங்க. நகல் எடுத்ததும் கழட்டி வெச்சுரணும். சொருகியே வெச்சிருந்தா அதையும் சேத்துப் பூட்டிரும்.

நான் அமாவாசைக்கு அமாவாசை எடுக்கறேன். அன்னைக்கு ஏர் கட்ட மாட்டோம், கை சும்மாத்தான் இருக்கும். வீட்டுக்காரம்மா, "ஏனுங்க, பொட்டிக்குப் படையல் போட்டாச்சா?"ன்னு கேலி பண்ணுவா.

அப்பாவோட இன்னொரு பதிவு தப்பிச்சுது. தங்கச்சிக்கு வாட்ஸப்புல அனுப்பியிருந்ததால அவ போன்ல கெடந்துச்சு. நாலு நிமிசம்தான். அதுல கதையெல்லாம் ஒண்ணும் இல்ல. கன்னுக்குட்டி கவுத்தை அவுத்துக்கிட்டு ஓடுனதுக்கு என்னைத் திட்டறார், நடுவுல ஒரு தடவ காப்பி கேக்கறார்.

பழைய டிஸ்க்கைத் துணியில சுத்தி பீரோவுல, காட்டுப் பத்திரத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். வருசத்துக்கு ரெண்டு தடவ அந்தக் கருவியைப் புதுசா இறக்கி ஓட்டிப் பாப்பேன். இந்தத் தை மாசமும் ஓட்டினேன். முடியாதுன்னுதான் வந்துச்சு. கெணத்துல எத்தன முழத்துல பாறை தட்டுச்சுன்னு இப்ப சித்தப்பாகிட்டக் கேட்டா, அவர் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்குச் சொல்றார்.