கண்மாயும் கடலும்

கடந்த புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிறு. திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின், இராஜபாளையத்து நூற்பாலையில் வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் தயங்கியவராய் நம்மிடம் வந்து, தம் கைப்பேசியை நீட்டினார். அதில் அவருடைய இளைய மகனின் படம். கனடா நாட்டு மேற்குக் கரையில், வான்கூவர் நகருக்கு அருகே, சிறு விசைப்படகொன்றில் நின்றவாறு, வெள்ளித் தகடென மின்னும் மீன் ஒன்றை இரு கைகளாலும் ஏந்தி நிற்கிறான். "இது என்ன மீன் சாமி? அவன் சொன்ன பேர் என் வாயில் நுழையவில்லை" என்றார்.

அது கோஹோ சால்மன் என்னும் மீன். விவரங்களைப் பின்னர் அந்த மகனிடமே கேட்டறிந்தோம். சிலவற்றை நூல்களில் கண்டோம். அங்கே மக்கள் விடுமுறை நாட்களில் இம்மீனைப் பிடிக்கக் கடலுக்குச் செல்கிறார்கள். வலை இல்லை. படகை மிக மெதுவாக ஓட்டிக்கொண்டு, பின்னே நீண்ட நரம்பை விட்டு, அதன் நுனியில் பளபளக்கும் போலி இரையை இழுத்துச் செல்வார்கள். ஓடும் இரையைத் துரத்துவது இம்மீனின் இயல்பு. துரத்தி வந்து கவ்வும்போது முள்ளில் சிக்கிக்கொள்ளும்.

முதியவருக்கு இது வியப்பாக இல்லை. அவரே பழந்தூண்டில்காரர். ஆலையில் முறை வேலை பார்த்த காலத்தில், ஓய்வு நாளில் கண்மாய்க் கரையில்தான் இருப்பார். அதன் பொருட்டு ஞாயிறு திருப்பலிக்கு வராமல் நம் முன்னோரான பங்குத் தந்தையிடம் பலமுறை திட்டு வாங்கியிருக்கிறார். மகன் தூண்டில் பிடித்ததும் அவர் மடியில்தான். அவரை வியக்க வைத்தவை வேறு. அங்கே முள்ளில் எதிர்க்கொக்கி இருத்தல் கூடாது என்பது சட்டம்; மீனை விடுவிக்க நேர்ந்தால் வாய் கிழியாமல் விட வேண்டுமாம். 1998-ஆம் ஆண்டில் கோஹோ மீன்கள் மிகவும் அருகிப்போனதால் அந்நாட்டு அரசு கடுமையான கட்டுப்பாடு விதித்தது. பண்ணையில் பொரித்து ஆற்றில் விடும் குஞ்சுகளுக்கு, வாலுக்கு முன்னே முதுகில் உள்ள சிறு சதைத் துடுப்பை நறுக்கி அடையாளமிடுகிறார்கள். அந்த வடு உள்ள மீனை வைத்துக்கொள்ளலாம். துடுப்பு முழுதாக இருந்தால் அது ஆற்றிலேயே இயற்கையாகப் பிறந்தது. பல இடங்களில் அதைத் திரும்ப நீரில் விட்டுவிட வேண்டும்.

"ஆற்றில் பிறந்ததா? கடலில் அல்லவா பிடிக்கிறான்?" என்று கேட்டார் பெரியவர்.

விளக்கினோம். கோஹோ மலையோர ஓடைகளில் பிறந்து, ஓராண்டு போல அங்கே வளர்ந்து, கடலுக்குப் போய்விடும். ஏறத்தாழ 18 மாதங்கள் கடலில் உண்டு கொழுத்தபின், பிறந்த ஓடையை மோப்பத்தால் கண்டறிந்து, எதிர்நீச்சலிட்டுத் திரும்பி வரும்.

"திரும்பி வருமா, சாமி?"

"வரும். பிறந்த இடத்திலேயே முட்டையிட்டுவிட்டு இறந்து போகும்."

அவர் கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மகன் போய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன என்பது நமக்குத் தெரியும். சற்று நேரம் கழித்து, "கிறிஸ்மஸ் வேலை முடிந்ததும் ஒருநாள் என்னோடு கண்மாய்க்கு வாருங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவ்வாறே மார்கழிக் கடைசியில் ஒரு விடியற்காலையில் புறப்பட்டோம். இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் ஏறத்தாழ 12 கி.மீ. மேற்கே தொடர்ச்சி மலை மேகத்தைப் போர்த்துக் கிடந்தது. சிறுவயதில் அந்த மலையோர ஆற்றில் விலாங்கு பிடித்ததாகப் பெரியவர் சொன்னார். இப்போது அங்கெல்லாம் தூண்டில் போடுவதற்கில்லை. 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அக்காடு, 2021-இல் திருவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகமாயிற்று. அது சரியே என்பது நம் கருத்து. பெரியவருக்கு அரை மனதுதான்.

விலாங்கின் வாழ்க்கை கோஹோவுக்கு நேர் எதிரானது. அது கடலில் பிறந்து, ஆற்றிலும் குளத்திலும் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்புவது. இராஜபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் மலையிலிருந்து இறங்கும் நீரெல்லாம் வைப்பாற்றைச் சேர்ந்து மன்னார் வளைகுடாவில் விழ வேண்டும். இடையே எத்தனை கண்மாய்கள், எத்தனை அணைகள்! ஒரு விலாங்கு இங்கே ஏறி வந்ததென்றால், அந்தக் காலத்து ஆறு எப்படி ஓடியிருக்க வேண்டும்!

திருவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய் அவ்வாண்டு மழையில் நிறைந்திருந்தது. ஆண்டாள் கோவிலிலிருந்து திருப்பாவை ஒலி காற்றில் வந்தது. பதினொரு நிலைக் கோபுரத்தின் உச்சி பனியினூடே தெரிந்தது. குத்தகைதாரரின் காவலாள் முதலில் விரட்டத்தான் வந்தான். மீன்பாசியைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், கட்லா, ரோகு குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட்டிருக்கிறார்கள். தூண்டில்காரரை அவர்கள் விரும்பாததில் நியாயம் இல்லாமல் இல்லை. பெரியவர் அவனோடு ஏதோ உறவு முறை பேசி, மறுகால் ஓரமாக ஓரிடம் வாங்கிக்கொண்டார்.

மண்புழு கோத்துத் தக்கை மிதக்க விட்டார். கெளுத்தி இரண்டும் கெண்டை ஒன்றும் விரைவில் வந்தன. ஜிலேபிக் கெண்டைகளும் வந்தன. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டு, 1952-இல் இந்தியாவுக்கு வந்த அம்மீன் இன்று கண்மாய்தோறும் நிறைந்துள்ளது. அதைப் பிடிப்பதில் பெரியவருக்குப் பெருமை இல்லை. பின்பு தக்கையைக் கழற்றிவிட்டு, சிறு தவளையொன்றைக் கோத்து, அல்லிக் கொடிகளின் ஓரமாக வீசி, நீரின் மேல் துள்ளித் துள்ளி வருமாறு இழுத்தார். "பையன் செய்வதும் இதுதான் சாமி. அவன் படகை ஓட்டுகிறான், நான் கையை ஓட்டுகிறேன்" என்றார். விராலுக்கு ஓடும் இரைதான் வேண்டும்.

அப்போது கொடிகளுக்கிடையே நீர் சிவந்து கொப்பளிப்பதுபோல் தோன்றியது. விரற்கடை நீளமும் இல்லாத செந்நிறப் பார்ப்புகள், நூற்றுக்கணக்கில், திரளாக மேலெழுந்து மூச்சு வாங்கி அமிழ்ந்தன. அடியிலே தாயும் தந்தையும் காவல் நிற்கும். காவல் நிற்கும் விரால், அருகே எது வந்தாலும் பாய்ந்து கவ்வும். பிடிப்பதற்கு அதைவிட எளிது வேறில்லை. பெற்றவை போய்விட்டால் குஞ்சுகளைப் பிற மீன்கள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும் என்றார் பெரியவர். தவளையை முள்ளிலிருந்து கழற்றிக் கரையில் விட்டார். "குஞ்சு பிரியட்டும்" என்றார். எந்தச் சட்டமும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

கரையில் அமர்ந்து சிற்றுண்டி உண்கையில், மத்தேயு நற்செய்தி 17-ஆம் அதிகாரத்தை அவருக்கு நினைவூட்டினோம். நம் பாட்டிமார் இராயப்பர் என்றழைத்த பேதுரு, ஆலய வரிக்காகத் தூண்டில் போட்டு, மீன் வாயில் நாணயம் கண்ட நிகழ்ச்சி. நற்செய்திகளில் வலைகள் பலமுறை வருகின்றன. தூண்டில் வருவது அங்கே மட்டுமே. "அந்த மீனை அவர் என்ன செய்தார் சாமி?" என்றார். குருமடத்தில் எவரும் நம்மிடம் கேட்காத வினா. விடை சொல்ல இயலவில்லை.

கடலில் இழுவைத் தூண்டிலைப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் அவருக்கு அன்றே பிறந்துவிட்டது. அடுத்த வாரம், சாத்தூர், விளாத்திகுளம் வழியாக வைப்பாற்றைத் தொடர்ந்து சென்றோம். இருக்கன்குடியில் அருச்சுனா ஆறு வந்து கலந்தபின்னும் ஆற்றில் நீரை விட மணலே மிகுதி. விளாத்திகுளத்துப் பக்கம் சீமைக் கருவேலம் ஆற்றையே மூடியிருந்தது. 146 கி.மீ. நீளமுள்ள ஆறு கடலைச் சேரும் இடத்தை அடுத்து வைப்பாறு, சிப்பிகுளம் என்னும் ஊர்கள். முத்துக்குளித்துறையின் பழைய ஏழு ஊர்களில் வைப்பாறும் ஒன்று. 1542-இல் புனித சவேரியார் வந்தபோது அங்குள்ளோர் முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். மலையடிவாரத்து நமக்கும் அவர்களுக்கும் இடையே இப்படியொரு நீர் உறவு இருப்பதை இத்தனை காலம் எண்ணிப் பார்த்ததில்லை.

தெரிந்த குடும்பத்தார் ஒருவர் விடியுமுன் தம் கண்ணாடியிழைப் படகில் ஏற்றிக்கொண்டார். அவர்கள் சீலா பிடிப்பது பெரும்பாலும் பருவலையில்தான். ஆயினும் போகிற வழியில் படகின் பின்னே கயிறு விட்டு இழுத்துப் போகும் வழக்கமும் உண்டு. சென்னையில் வஞ்சிரம் என்றும் குமரியில் நெய்மீன் என்றும் சொல்லப்படும் மீனே இங்கு சீலா. அதன் பல் கத்தரிக்கோலைப் போன்றது. ஆதலால் முள்ளுக்கு மேலே கம்பி கட்டியிருந்தார்கள். கனடாவிலோ படகு மெல்ல ஊர வேண்டும். இங்கே சீலாவுக்கு விரைந்து ஓட வேண்டும். எரிபொருள் விலையை எண்ணிப் பார்த்தால், இங்கே இது பொழுதுபோக்கு ஆகாது. நமக்குத் தலை சுற்றியது. அதைப் பற்றி மேலே எழுத விருப்பமில்லை.

கயிறு பெரியவர் கையில் இருந்தது. ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென அவர் உடல் முன்னே வளைந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. படகோட்டி உதவ வந்தபோது "விடு தம்பி, நானே இழுக்கிறேன்" என்றார். இழுத்தார். இரண்டு கிலோ அளவில் ஒரு சீலா. படகில் துள்ளிய அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பின், "எண்ணெய்ச் செலவுக்கு ஆகும்" என்று படகோட்டியிடம் கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில், விளாத்திகுளத்தில் தேநீர் அருந்த நின்றபோது, கைப்பேசியை நம்மிடம் தந்து, மகனுக்குச் செய்தி எழுதச் சொன்னார். அவருக்கு அதில் தமிழ் எழுத வராது. சீலாவின் எடையைச் சொன்னார். மூன்று கிலோ என்றார். நாமும் அவ்வாறே எழுதினோம். கையில் கட்டியிருந்த துணியைப் பற்றி எழுத வேண்டாம் என்றார்.

"ஒருமுறை வந்து போகச் சொல்லி எழுதட்டுமா?" என்று கேட்டோம்.

அவர் ஆற்றுப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாம் சாமி. பெரியகுளத்தில் பங்குனி வரைக்கும் தண்ணீர் நிற்கும் போலிருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்" என்றார்.